லினக்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஹெய்ம்டால்: செத்துப்போன கேலக்ஸியை எழுப்பிய கதை

பழைய சாம்சங் ஃபோன் லோகோவிலேயே நின்றுவிட்டால் யாரைக் கேட்டாலும் "ஓடின்ல ஃப்ளாஷ் பண்ணு" என்பார்கள். ஃப்ளாஷ் என்றால் ஃபோனின் மென்பொருளைப் புதிதாக எழுதுவது, அதற்கான சாம்சங்கின் கருவிதான் ஓடின். சரி, ஆனால் எல்லோரும் பயன்படுத்தும் ஓடின் விண்டோஸுக்கானது, என்னிடம் இருப்பதோ லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயினில் போட்டால் விண்டோ திறக்கும், ஆனால் ஃபோன் அதன் கண்ணில் படாது. கணினிக்குள் இன்னொரு கணினி போல இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் போட்டு யுஎஸ்பியை உள்ளே அனுப்பலாம், சிலருக்கு வேலையும் செய்கிறது, ஆனால் சிஸ்டம் கோப்பு பாதி போய்க்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் ஹெய்ம்டால்.

பெஞ்சமின் டோபெல் 2010-ல் முதல் கேலக்ஸி எஸ் காலத்தில் எழுதத் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. ஃபோனை எழுப்பும் முதல் மென்பொருளான பூட்லோடரோடு ஓடின் பேசும் அதே பாஷையை லிப்யுஎஸ்பி என்ற யுஎஸ்பி நிரலகம் வழியாகப் பேசுகிறது. உபுண்டு, மின்ட் களஞ்சியங்களில் ஹெய்ம்டால்-ஃப்ளாஷ் என்ற பெயரில் கிடைக்கும், டிரைவர் தேடி அலைய வேண்டாம். ஆண்ட்ராய்டு எழாவிட்டாலும் புது மென்பொருளை வாங்கிக்கொள்ளும் டவுன்லோடு மோடு வந்தால் போதும்: ஹோம் பட்டன் உள்ள மாடல்களில் வால்யூம் குறைப்பு, ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எச்சரிக்கை வந்ததும் வால்யூம் கூட்டு. அதற்கு முன் ஓரளவு சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

இதுவரை இன்பம். இனிமேல்தான் வேலை. ஓடினில் பிஎல் (பூட்லோடர்), ஏபி (சிஸ்டம்), சிபி (மோடம்), சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் அமைப்பு) என்று பெட்டிகள், கோப்பைப் போட்டு ஸ்டார்ட் அழுத்தினால் முடிந்தது. ஹெய்ம்டாலில் ஃபர்ம்வேர் எனும் ஃபோன் மென்பொருள் அடங்கிய அந்த டார் தொகுப்புக் கோப்புகளை நாமே பிரிக்க வேண்டும், பெயரின் வாலில் எம்டி5 என்று இருந்தாலும் அது டார்தான், உள்ளே எல்இசட்4 முறையில் சுருக்கிய கோப்பு இருந்தால் அதையும் தனியாக விரிக்க வேண்டும். அப்புறம் பிரிண்ட்-பிட் கட்டளை கொடுத்தால் ஃபோன் சேமிப்பகத்தின் தனித்தனிப் பகுதிகளான பகிர்வுகளின் பட்டியல் வரும், எந்தப் பகிர்வுக்கு எந்தக் கோப்பு என்பதும் அதிலேயே இருக்கும். பூட் பகிர்வுக்கு பூட்.ஐஎம்ஜி, ரெக்கவரிக்கு ரெக்கவரி.ஐஎம்ஜி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரே நீளக் கட்டளையாக எழுதுகிறோம். எரிச்சல்தான், ஆனால் எனக்கு இதுவே பிடித்தும் போனது, ஏனென்றால் எதைத் தொடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. நம் கோப்புகள் இருக்கும் யூசர்டேட்டா, தற்காலிகக் கோப்புகளின் கேஷ் இரண்டையும் விட்டுவிட்டு பூட், ரெக்கவரி, சிஸ்டம் மட்டும் எழுதினால் உள்ளே இருக்கும் ஃபோட்டோக்கள் பெரும்பாலும் தப்பிக்கும். ஓடினில் தெரியாமல், டேட்டாவை அழிக்காத ஹோம்_சிஎஸ்சிக்குப் பதில் சிஎஸ்சி போட்டால் எல்லாம் காலி.

பெரிய குறை என்னவென்றால், ஒரு கட்டளை முடிந்ததும் ஃபோன் ரீபூட் ஆகிவிடும், பட்டியல் பார்ப்பதற்கும்கூட. நோ-ரீபூட் கொடுத்தால் அடுத்த கட்டளையில் ரெஸ்யூம் சேர்க்க வேண்டும், மறந்தால் "ஹேண்ட்ஷேக்" பிழை வந்து நிற்கும், மறுபடி கேபிளைப் பிடுங்கி மூன்று பட்டனையும் பிடித்து ஆரம்பத்திலிருந்து. வரைகலை முகப்பும் தனிப் பொதியாக உண்டு, ஆனால் முனையத்தில் செய்வதே தெளிவாக இருக்கிறது. அனுமதிப் பிழை வந்தால், நிர்வாகி உரிமை தரும் சூடோவைக் கட்டளைக்கு முன் சேருங்கள். யுஎஸ்பி ஹப் வேண்டாம், நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

இன்னொன்று, பூட்லோடர் பூட்டியிருந்தால் சாம்சங் கையெழுத்திட்ட கோப்பைத்தான் ஏற்கும், ஃபோனில் இருப்பதைவிடக் குறைந்த பைனரி எண் (பூட்லோடரின் பதிப்பு எண்) உள்ள ஃபர்ம்வேரையும் தள்ளிவிடும். அது ஹெய்ம்டாலின் குற்றமில்லை, ஓடினிலும் இதே கதி.

எஸ்5, பழைய ஜே வரிசை மாதிரி ஃபோன்களுக்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன். சூப்பர் என்ற ஒரே பெரிய பகிர்வில் சிஸ்டத்தை வைத்திருக்கும் புது மாடல்களுக்கு டோபெலின் 1.4.2 பதிப்பை நம்ப வேண்டாம், அதிலிருந்து கிளைத்த புதுப் பதிப்புகளைப் பாருங்கள், அதுவும் கைகொடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு விண்டோஸ் லேப்டாப்பை ஒரு மணி நேரம் கடன் கேட்பது உத்தமம்.