டெல்லியிலிருந்து ஒட்டகச் சவாரி: புஷ்கரா, ஜெய்சல்மேரா?

டெல்லியில் மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கம் குளிர்காலம் வந்தாலே நம் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி இது. இரண்டு நாள்தான் லீவு என்றால் ராஜஸ்தானில் அஜ்மீர் பக்கத்திலுள்ள புஷ்கர். காலையில் சதாப்தி ரயில் ஏறினால் மதியம் அஜ்மீர். அப்புறம் சாலை வழியாகக் கொஞ்ச தூரம்தான். ஆனால் அங்கே மணல் குறைவு, ஆரவல்லிக் குன்றுகளும் முட்செடிகளும்தான் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

பாலைவனம் என்று நாம் மனதில் நினைப்பது ஜெய்சல்மேரைத்தான். ரயிலில் ஓர் இரவுக்கு மேல் ஆகும், நாலு நாளாவது ஒதுக்குங்கள். அங்கேயும் இரண்டு வழி உண்டு. ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ‘சம்’ என்ற கிராமத்து மணல்மேடுகளில் ஜீப்பும் பாட்டுமாக ஒரே கூட்டம். தென்மேற்கே குரி கிராமத்தில் அமைதி அதிகம். ஒட்டகக்காரர் கயிற்றைப் பிடித்து முன்னே நடக்க, மணல்மேட்டில் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமா? நான் குரிக்குத்தான் போகச் சொல்வேன். ஒட்டகம் பின்னங்கால்களை முதலில் ஊன்றி எழும். அப்போது பின்னால் சாய்ந்து சேணத்தை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மாவுக்கு முதுகுவலி என்றால் சவாரி வேண்டாம், புஷ்கரில் ஒட்டக வண்டி கேளுங்கள்.