வேலூர் வெயிலில் மூன்று வருடம்: நானோகம்பி டிடெக்டருடன் என் அனுபவம்

ஒற்றை அகச்சிவப்புப் போட்டானை (ஒளித்துகளை) எண்ணும் மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) நானோகம்பி டிடெக்டரை எங்கள் ஆய்வகத்தில் வைத்து மூன்று கோடை ஓட்டிவிட்டேன். வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்கிறேன்: சிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், குளிரைப் பற்றி யோசியுங்கள்.

சிப்பில் இருப்பது சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள நயோபியம் நைட்ரைடு படலம். அதை 100 நானோமீட்டர் அகலக் கம்பியாக, இடியாப்பம் பிழிந்ததுபோல் நெருக்கமாக மடித்துச் செதுக்கியிருக்கிறார்கள். 2.5 கெல்வினில், அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸுக்கும் கீழே, மின்தடை இல்லாமல் சில மைக்ரோஆம்பியர் ஓடும். 1550 நானோமீட்டர் போட்டான் ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் மீக்கடத்தல் உடையும், மின்னோட்டம் ஆம்ப்ளிஃபயர் பக்கம் தாவும், திரையில் ஒரு துடிப்பு எழும். 2001இல் மாஸ்கோ குழு இதைச் செய்து காட்டியது. 2023இல் நாசாவின் சைக்கி விண்கலம் லேசரில் அனுப்பிய வீடியோவைக் கலிஃபோர்னியாவின் பாலோமார் வானாய்வகத்தில் பிடித்ததும் இதே வகை டிடெக்டர்தான்.

முதல் வாரம் டிடெக்டருக்கு வெளிச்சம் எதுவும் அனுப்பாதபோதும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. டியூப்லைட்டை அணைத்தேன், பாதியாகக் குறைந்தது! டிடெக்டருக்கு ஒளியைக் கொண்டுபோகும் ஃபைபரின் மஞ்சள் உறை வழியாகவே வெளிச்சம் கசிந்திருக்கிறது. கறுப்புத் துணி சுற்றியதும் அடங்கியது. மின்னோட்டத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் கம்பி சூடான நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். பூஜ்யத்துக்கு இறக்கி மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும்.

இனி குளிர். டிடெக்டரைக் குளிர்விக்கும் இயந்திரத்தை ஓட்டுவது ஹீலியம் கம்ப்ரஸர்; அது சூடாகாமலிருக்க, சில்லர் என்ற தண்ணீர் குளிர்விப்பான் அனுப்பும் தண்ணீர் ஓயாமல் ஓட வேண்டும். முதல் கோடையில் போர் தண்ணீரை ஊற்றினோம். நம்ம ஊர் தண்ணீரின் உப்பு குழாய்க்குள் படிந்து ஓட்டம் குறைந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம் எங்கள் டெக்னீஷியன் அண்ணன்தான் வந்து, "தம்பி, கம்ப்ரஸர் சத்தம் மாறியிருக்கு, பாருங்க" என்றார். நான் போவதற்குள் டிரிப் ஆகிவிட்டது. பத்து கெல்வினைத் தாண்டியதும் மீக்கடத்தலே போய்விட்டது. மறுபடி குளிர ஒரு ராத்திரி முழுக்க ஆனது. மூன்று நாள் அளவீடு வீண், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீருக்கு மாறினோம். மொட்டை மாடியில் இருந்த சில்லரை இறக்கி வடக்குச் சுவர் நிழலில் வைத்தோம். கரண்ட் போனால் தாங்க கம்ப்ரஸருக்கும் சில்லருக்கும் சேர்த்தே ஜெனரேட்டர் லைன் போட்டோம். கம்ப்ரஸருக்கு மட்டும் போட்டால் பயனில்லை. போன மே மாதம் முழுக்க ஒருமுறைகூட நிற்கவில்லை.