ஒரே அறிகுறி, இரண்டு கோளாறு: வளர்ப்புப் பச்சோந்தியின் நோயைப் பிரித்தறிவது எப்படி?

நோயை மறைப்பதில் பச்சோந்தி கெட்டிக்காரப் பிராணி. காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் பருந்தோ பாம்போ தூக்கிப் போய்விடும். அதனால் கடைசிவரை ஒன்றுமே நடக்காததுபோலக் கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வளர்ப்பவர் கண்ணில் ஏதோ படும்போது கோளாறுக்குப் பெரும்பாலும் பல வார வயதாகியிருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியே தெரியும் அறிகுறிகள் நாலைந்துதான், உள்ளே இருக்கக்கூடிய காரணங்களோ ஏராளம். ஒரே ஒரு போட்டோவை அனுப்பி "கண்ணை மூடியே வைத்திருக்கிறது, என்ன மருந்து போடலாம்?" என்று கேட்டால், விவரம் தெரிந்தவர் பதிலுக்குப் பத்துக் கேள்வி கேட்பார். அந்தப் பத்தில் எட்டு கூண்டைப் பற்றியதாக இருக்கும். அவர் கேட்பதுதான் சரி.

அதனால் நோய்களை அகர வரிசையில் அடுக்காமல், ஒன்றைப் போலவே இன்னொன்று தோன்றும் கோளாறுகளை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்க்கலாம். வீடுகளில் அதிகம் வளர்வது மூன்று வகை: ஏமனையும் தென்மேற்குச் சவூதியையும் சேர்ந்த வெய்ல்டு, மடகாஸ்கரின் பேந்தர், கென்யா மற்றும் தான்சானியா மலைப்பகுதியின் ஜாக்சன். நம்மூர் வேலியிலும் முள்மரத்திலும் திரியும் பச்சோந்தி இந்தக் கணக்கில் வராது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வாயைத் திறந்து வைத்திருக்கிறது: சூடா, நுரையீரலா?

இதைப் பிரிக்க மருந்துக்கடை தேவையில்லை, கடிகாரம் போதும். மதியத்தில், வெப்ப விளக்கின் அடியில், நிறம் வெளிறி வாயைப் பிளந்து நின்றால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். நிழலுக்குப் போன சில நிமிடங்களில் வாய் மூடிக்கொள்ளும். விடிகாலையில், விளக்கே எரியாத நேரத்தில், தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் அது சுவாசத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். காதைக் கிட்டே கொண்டுபோனால் மூச்சு விடும்போது சின்னதாக 'டப், டப்' என்ற சத்தம் கேட்கும். வாயோரத்தில் நூல்போலச் சளி இழுபடும். (உங்களைப் பார்த்து உடம்பைத் தட்டையாக்கிச் சீறிக்கொண்டு வாய் பிளந்தால் அது நோயே இல்லை, கோபம். நகர்ந்து போங்கள்.)

சூடுதான் காரணம் என்றால் தீர்வு எளிது, விளக்கை உயர்த்தினால் போதும். ஆனால் வெப்பத்தை எங்கே அளக்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிளையின் மேல் தெர்மாமீட்டரை வைத்து 31 டிகிரி என்று திருப்தி அடைவார்கள். பச்சோந்தியின் முதுகும் தலைக் கொண்டையும் அந்தக் கிளைக்குச் சில அங்குலம் மேலே, விளக்குக்கு இன்னும் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே அளந்தால் கணக்கு வேறு. வளர்ந்த வெய்ல்டுக்கும் பேந்தருக்கும் முதுகு மட்டத்தில் 29 முதல் 32 டிகிரி போதும், மலைவாசியான ஜாக்சனுக்கு 27ஐ ஒட்டி இருந்தாலே தாராளம். முதுகு விளிம்பில் வெளிறிய, பொருக்குத் தட்டிய திட்டு தெரிந்தால் அது பூஞ்சையோ தோல் உரிவோ அல்ல, தீக்காயமா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தொற்று என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் தொற்று ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பதில் கூண்டில் இருக்கும். கண்ணாடித் தொட்டியா, வலைக் கூண்டா என்ற பழைய சண்டைக்கு ஊர் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்ல முடியும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய வீட்டில் வலைக் கூண்டு அரை மணியில் காய்ந்துவிடும், அங்கே கண்ணாடிக்கு நியாயம் உண்டு. கடலோரப் புழுக்கத்தில் என் ஓட்டு வலைக்குத்தான். அங்கே காற்றோட்டம் சரியில்லாத கண்ணாடித் தொட்டியை வைத்தால் நுரையீரல் தொற்றை அழைத்து வைத்ததாகிவிடும். இரவில் பனிப்புகை விடும் கருவியும் இப்படித்தான். இரவு 20 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்கும் ஊரில் அது நல்ல முறை. மே மாதச் சென்னையில் நள்ளிரவிலும் 27, 28 என்று நிற்கும்போது அதே கருவி வெதுவெதுப்பான ஈரத்தைத்தான் கூண்டுக்குள் அடைக்கும்.

பகலில் கண் மூடுகிறது: தண்ணீரா, விட்டமின் ஏ-யா?

பகலில் கண்ணை மூடும் பச்சோந்தி நலமாக இல்லை. இதில் விதிவிலக்கு அநேகமாகக் கிடையாது. காரணம்தான் பல.

முதலில் எச்சத்தைப் பாருங்கள். பழுப்பு மலத்தோடு ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு கட்டி விழும், அதுதான் யூரேட், அதாவது அதன் சிறுநீர்க் கழிவு. அது சுண்ணாம்பு வெள்ளையில், ஈரமாக, ஓரத்தில் லேசான மஞ்சளோடு இருந்தால் தண்ணீர் போதுமான அளவு போகிறது. முழுக்க ஆரஞ்சு நிறத்தில், விரலில் உதிரும் அளவுக்குக் காய்ந்திருந்தால் உடம்பு வறண்டிருக்கிறது. கண்ணைச் சுற்றிக் கூம்பாக எழும்பி நிற்கும் கண் கோபுரம் உள்ளே குழிந்திருப்பதும் இதற்குச் சாட்சி. கிண்ணத்தில் தண்ணீர் வைத்து "குடிக்கவே மாட்டேன் என்கிறது" என்பவர்களுக்கு: பச்சோந்தி பெரும்பாலும் தேங்கிய தண்ணீரைக் கவனிப்பதில்லை, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். தெளிப்பு நேரத்தைக் கூட்டினாலோ சொட்டுக் குழாய் வைத்தாலோ சில நாளில் யூரேட் வெளுக்கும். தொட்டி நீரில் உட்கார வைத்து ஊறப்போடும் வழக்கம் மற்ற பல்லிகளுக்கு ஒத்துக்கொள்ளலாம். மரத்திலேயே வாழும் இதற்கு அது பயத்தைத்தான் தரும்.

யூரேட் வெள்ளையாக இருந்தும் கண் குழியாமல், மாறாக வீங்கியிருந்தால் கதை வேறு. விட்டமின் ஏ குறைவில் இமை தடிக்கும், தோல் சரியாக உரியாது, நாக்கின் நுனி ஒட்டாமல் பூச்சி நழுவும். கடையில் வாங்கும் சிள்வண்டிலும் புழுவிலும் இந்த விட்டமின் மிகக் குறைவு. ஆனால் சந்தேகத்தின் பேரில் சொட்டு மருந்தை ஊற்றக்கூடாது. விட்டமின் ஏ உடம்பில் தேங்கும், அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. ஒரு கண் மட்டும் மூடினால் பெரும்பாலும் தூசியோ அடிபட்டதோ சீழோதான். ஊர்வனவற்றின் சீழ் பாலாடைக்கட்டி போலக் கெட்டியானது, தானாக வடியாது. மாத்திரை மட்டும் கொடுத்துக் காத்திருந்தால் போகாது, டாக்டர் திறந்து எடுக்க வேண்டியிருக்கும்.

கால் வீங்குகிறது, வளைகிறது: எம்.பி.டி.யா, கவுட்டா?

இந்த ஜோடியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இங்கே தவறான பக்கம் சாய்ந்தால் வைத்தியமே பிராணியைக் கொல்லும்.

மெட்டபாலிக் போன் டிசீஸ் என்பதை வளர்ப்போர் எம்.பி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் விட்டமின் டி3 உருவாகிறது, அது இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். கதிரும் இல்லை, உணவில் டி3யும் இல்லை என்றால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கும். எலும்பு மெத்தென்றாகி, தசை இழுக்கும் பக்கம் வளையும். பொதுவாக மாட்டுவது வேகமாக வளரும் குட்டிகளும், முட்டை சுமக்கும் பெண்களும். வளைவு மூட்டில் அல்ல, மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவில் இருக்கும், அநேகமாக இரண்டு பக்கமும் இருக்கும். கிளையில் நடக்கும்போது பின்னங்கால் கிளைக்குப் பதில் தன் முன்னங்காலையே பற்றிக்கொண்டு விடத் தெரியாமல் நிற்கும். இரையை நோக்கி நாக்கை வீசும், அது பாதி தூரத்தில் விழுந்துவிடும். கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளைந்து, வாய் முழுதாக மூடாது.

கவுட் என்பது மனிதருக்கு வரும் அதே யூரிக் ஆசிட் விவகாரம். சிறுநீரகம் தளர்ந்தாலோ, நெடுநாள் தண்ணீர் குறைந்தாலோ யூரிக் ஆசிட் படிகமாக மூட்டுகளில் தங்கும். பொதுவாக வளர்ந்த பிராணிக்குத்தான் வரும். எலும்பு நேராகத்தான் இருக்கும், மணிக்கட்டிலோ கணுக்காலிலோ விரல் மூட்டிலோ குமிழ் மட்டும் தெரியும். வலி அதிகம். ஒரு காலைத் தூக்கியே வைத்திருக்கும், தொட்டால் கறுத்துச் சீறும்.

கவுட்டை எம்.பி.டி. என்று நினைத்து கால்சியத்தையும் டி3யையும் வாரிக் கொடுத்தால், ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிய வழிசெய்கிறோம். எம்.பி.டி.யைக் கவுட் என்று நினைத்துத் தண்ணீரை மட்டும் கூட்டினால் எலும்பு உடைந்துகொண்டே போகும். கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் இடம் இதுவல்ல.

கூண்டில் பார்க்க வேண்டியது விளக்கு. சுருள் வடிவ சிறிய யூவிபி பல்பா, டி5 எனப்படும் மெல்லிய நீளக் குழல் விளக்கா என்றால் யோசிக்காமல் குழல்தான். சுருள் பல்பின் கதிர் தூரம் கூடக்கூட வேகமாகக் குறையும், ஒரு சின்ன வட்டத்தில்தான் விழும். வலை மூடியே சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கதிர் அளக்கும் மீட்டர் கையில் இருந்தால் முதுகு மட்டத்தில் யூவி குறியீடு 3 அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்கள் வருடத்துக்கு ஒருமுறை குழலை மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் யூவிபி செத்த பிறகும் வெளிச்சம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே என்பதும் செல்லாது, கண்ணாடி யூவிபியை விடாது.

பெண் தரையில் திரிகிறது: பிரசவமா, அடைப்பா?

வெய்ல்டு பெண் ஆணைப் பார்க்காமலே முட்டையிடும். ஒரு முறையில் 20 முதல் 80 வரைகூடப் போகும். கரும்பச்சையில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி எழும்பி, தீனி குறைந்து, தரைக்கு இறங்கி அலைந்தால் அது இயல்பு. கண் திறந்திருக்கும், மண்ணைத் தோண்டும், முரண்டும். ஈரமணல் 25, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பிய தொட்டியைக் கொடுத்து, கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு விலகிவிடுங்கள். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழியை விட்டுவிட்டு ஏறிவிடும்.

முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் அடைப்பில் தோண்டல் நிற்கும். மூலையில் கண்ணை மூடிப் படுத்துவிடும். அப்படியானால் நாளை பார்ப்போம் என்பது கிடையாது, அன்றைக்கே டாக்டர். அடுத்த முறைக்கு ஒரு வழி உண்டு: தீனியை அளவாக்கி, வெப்பத்தை 27 அளவில் வைத்தால் முட்டை எண்ணிக்கை குறையும்.

எந்தப் பரிசோதனைக்கு முதலில் செலவழிப்பது?

மலப் பரிசோதனை மலிவானது. உடம்பு இளைத்துக்கொண்டே போனால் முதலில் அதைச் செய்யுங்கள், காட்டில் பிடித்து விற்கப்பட்ட பிராணி என்றால் கட்டாயம். காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியும் குடற்புழுவும் அதில்தான் தெரியும். ஆனால் காலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. என்னைக் கேட்டால் இரண்டாவது ரூபாய் எக்ஸ்ரேக்கு. எலும்பு மங்கியிருக்கிறதா, உடைந்திருக்கிறதா, முட்டை எத்தனை, எந்த வடிவம் என்று ஒரே படத்தில் பல கேள்விக்குப் பதில் வரும். ரத்தப் பரிசோதனை மூன்றாவதுதான். சின்னப் பிராணியிடம் எடுக்கக்கூடிய ரத்தமே கொஞ்சம், அப்புறம் சாப்பிட்ட பின் யூரிக் ஆசிட் தானாகவே ஏறும் என்பதால் வெறும் வயிறா என்பதும் முக்கியம். கவுட் சந்தேகம் பலமாக இருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றலாம். யூரிக் ஆசிட் படிகம் எக்ஸ்ரேயில் நேராகத் தெரியாது, ரத்தமோ மூட்டிலிருந்து எடுக்கும் சொட்டோதான் காட்டிக்கொடுக்கும்.

டாக்டர் நாய், பூனை மட்டும் பார்ப்பவராக இருந்தாலும் போகலாம், எக்ஸ்ரே எங்கேயும் எக்ஸ்ரேதான். ஊர்வன பார்த்துப் பழகிய இன்னொரு டாக்டரிடம் படத்தை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். கையோடு கொண்டுபோக வேண்டியவை: விளக்கின் பெட்டி, தீனியில் தூவும் கால்சியம், விட்டமின் பவுடர் டப்பாக்கள், முழுக் கூண்டும் தெரியும் ஒரு போட்டோ, அன்றைய எச்சம். எச்சம் காய்ந்தால் பயனில்லை, மூடிய டப்பாவில் ஈரம் போகாமல் குளிர்ச்சியாக வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பச்சோந்தியைக் காற்று போகும் இருட்டுப் பெட்டியில், பிடித்துக்கொள்ள ஒரு குச்சியோடு வையுங்கள். எம்.பி.டி. சந்தேகம் இருந்தால் குச்சி வேண்டாம், மடித்த துண்டு போதும்.