ஏசியை நிறுத்தின பிறகும் சத்தம் வந்தால் கொம்ப்ரசரை மாற்ற விடாதீர்கள்

திருகோணமலைப் பக்கம் ஏசி கபின் உள்ள உழவு மெசின் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். 3,200 ரூபாவில் முடிய வேண்டிய வேலைக்கு 145,000 ரூபா கொடுத்துவிட்டு நிற்கிறேன். இடத்தின் பேரை எழுதவில்லை. கையில் ஒரு துண்டு பில்கூட இல்லாமல் பேரைப் போடுவது சரியில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வயல் தம்பலகாமத்தில், கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிற காணி. சொந்த வயலோடு கூலிக்கும் உழுகிறோம். அப்பாவுக்கு இழுப்பு இருக்கிறது. புழுதி உழவில் திறந்த மெசினில் அரை மணித்தியாலம் இருந்தாரென்றால் அன்றிரவு முழுக்கக் கட்டிலில் குந்திக்கொண்டுதான் இருப்பார். அதற்காகவே கடன்பட்டுக் கபின் மெசின் எடுத்தோம். ஏசி நின்றால் அப்பா ஏற முடியாது.

பெரும்போக உழவு தொடங்குகிற நேரம், முன்பக்கம் கொறகொறவென்று அரைக்கிற சத்தம் வந்தது. எஞ்சின் வேகம் கூடக்கூட அதுவும் கூடியது. ஏசிக் காஸை அழுத்தி ஓட்டுகிற கொம்ப்ரசர் ஆடுகிறதோ என்று அப்பா அதன் கால் போல்ட் நாலையும் இறுக்கி, இறுக்கினதற்கு அடையாளமாகக் காலில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தார். சத்தம் குறையவில்லை. டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன்.

"பாஸ், ஏசிய ஓஃப் பண்ணினாலும் சத்தம் வருது" என்று முதலே சொன்னேன். அவர் பொனட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டு, "கொம்ப்ரசர் உள்ளுக்கு அடிச்சிட்டு தம்பி. இப்படியே ஓடினா இரும்புத் தூள் லைன் முழுக்கப் போயிரும். பிறகு மூணு லட்சத்துக்கும் முடியாது" என்றார். நாற்பது ஏக்கருக்கு ஆட்கள் நாள் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பயந்துவிட்டேன். சரி என்றேன்.

பைப்பைக் கழற்றியதும் காஸ் உஸ்ஸென்று வெளியே போனது. கூடவே கொம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சீமெந்துத் தரையில் சிந்தியது. வேறொன்றைப் பூட்டி, காஸ் அடித்து, நாற்பது நிமிடத்தில் சாவியைத் தந்தார். பில் கேட்டேன். புத்தகம் முடிந்துவிட்டதாம், நாளைக்கு வரட்டாம். பழைய கொம்ப்ரசரைக் கேட்டேன். "அது இரும்புக்குப் போற சாமான், என்னத்துக்கு?" என்றார். சத்தம் நின்றிருந்த சந்தோசத்தில் நானும் வற்புறுத்தாமல் வந்துவிட்டேன். என் பெரிய பிழை அதுதான்.

ஐந்தாம் நாள் அதே கொறகொற. இந்தமுறை கூடவே இன்னொன்றும்: ஏசியைப் போட்டால் டொக் டொக் என்று இடிக்கிற சத்தம், கபினும் குளிரவில்லை. போன் எடுத்தால் பதில் இல்லை. நேரில் போனால், "புதுச் சாமான், செட் ஆகக் கொஞ்சம் நாள் எடுக்கும்" என்கிறார்.

கடைசியில் பக்கத்து வயல்காரர் சொல்லிக் கிண்ணியாவிலிருந்து ஏசி வேலை தெரிந்த ஒரு நானாவைக் கூப்பிட்டேன். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும்.

முதலில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியை நிறுத்தச் சொன்னார். கொறகொற அப்படியே இருந்தது. "ஏசி ஓஃப்ல கொம்ப்ரசருக்குள்ள ஒண்டும் சுத்தாது தம்பி. பெல்ட் ஓடுற வெளிப் புல்லி மட்டும்தான் சும்மா சுத்தும்" என்றார். ஏசியைப் போடும்போது டக் என்று கேட்கிறதே, அது காந்தக் கிளட்ச் பிடிக்கிற சத்தம். அது பிடித்தால்தான் உள்ளிருக்கும் பிஸ்டன்கள் அசையும். ஆகவே நிறுத்தின பிறகும் சத்தம் வருகிறதென்றால் தேட வேண்டியது புல்லி பெயரிங், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற உருளை, பெல்ட் ஆகியவற்றில். ஏசி போட்டால் மட்டும் சத்தம் வந்தால் அது வேறு கதை.

பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் எஞ்சினை ஓட்டினார். சத்தமே இல்லை. எங்கள் மெசினில் ஏசிக்குத் தனிப் பெல்ட். தண்ணிப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுகிற மெசினென்றால் அதிகம் ஓட்டாதீர்கள், எஞ்சின் சூடாகிவிடும். எஞ்சினை நிறுத்தி என் கையைப் பிடித்துப் புல்லிகளில் வைத்தார். கொம்ப்ரசர் புல்லி வழுக்கிக்கொண்டு சுற்றியது. இழுவை உருளையைச் சுற்றினேன். உள்ளங்கையில் மணலை நெரிக்கிற மாதிரி இருந்தது, கொஞ்சம் பக்கவாட்டில் ஆடவும் செய்தது. ஒரு சின்ன பெயரிங்! 6203 நம்பர்: உள்விட்டம் 17 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 40, தடிப்பு 12. எந்தப் பெயரிங் கடையிலும் கிடைக்கிற சாமான்.

என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நானா காட்டியதுதான். உருளையின் நடுவைச் சுற்றி ஈரமாக எண்ணெய் படிந்து, அதில் புழுதி கறுப்புக் களியாக ஒட்டியிருந்தது. "இதுக்கு யாரோ ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க" என்றார். துரு இளக்குகிற அந்த எண்ணெய் நாலைந்து நாள் சத்தத்தை அமத்தும். பிறகு உள்ளிருக்கும் கிறீஸையும் கரைத்துப் பெயரிங்கை இன்னும் கெதியாகத் தின்றுவிடும். அந்த உருளைக்கு நாங்கள் எதுவும் அடித்ததில்லை. அப்படியென்றால் டவுன் பாஸுக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கொம்ப்ரசரைக் கழற்றியிருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

"பழசக் கழட்டேக்க சிந்தின எண்ணெய் என்ன நிறம்?" என்று நானா கேட்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உருக்கின தேங்காயெண்ணெய் மாதிரித் தெளிவாக இருந்தது. கொம்ப்ரசர் உள்ளே உடைந்திருந்தால் அது கறுத்து, வெயிலில் இரும்புத் தூள் மினுங்கும். என் கொம்ப்ரசர் நல்லாகவே இருந்திருக்கிறது. அதற்கான அத்தாட்சி என் காலடியில் கிடந்தும் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

டொக் டொக் சத்தத்துக்குக் காரணம், கணக்குப் பாராமல் அடித்த காஸ். மெசினை ஓடவிட்டு மீற்றரை மாட்டிய நேரம் அழுத்தம் கூடின பக்கம் 340 பிஎஸ்ஐ காட்டியது. இங்குள்ள வெயிலுக்கு 200 முதல் 250 வரை நிற்க வேண்டிய இடம். றேடியேற்றருக்கு முன்னால் இருக்கிற, காஸின் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சரில் வேறு, போன அறுவடை வைக்கோல் தூசி பாய் மாதிரிப் படிந்திருந்தது. அதைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகக் காற்றடித்துத் துப்புரவாக்கினார். பிறகு காஸை வெளியே விடாமல் சிலிண்டருக்கு இழுத்து, ஈரம் உறிஞ்சுகிற டிரையரை மாற்றி, பைப்புக்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க ஒரு மணித்தியாலம் வெக்யூம் பம்பை ஓடவிட்டு, அதன் பிறகே காஸைத் தராசில் நிறுத்து ஏற்றினார். பைப் திறந்தால் டிரையர் மாற்ற வேண்டும், வெக்யூம் போட வேண்டும். முந்தினவர் இரண்டையும் செய்யவில்லை. நாற்பது நிமிடத்தில் எப்படிச் செய்வது? அவர் பூட்டின கொம்ப்ரசரும் புதுசு இல்லை. போல்ட் துவாரத்துக்குள் பழைய பெயின்டின் மேல் கறுப்பு அடித்திருந்ததை நானா நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

பெயரிங்குக்கும் அதை மாற்றின கூலிக்கும் 3,200 ரூபா. காஸ், டிரையர் வேலைக்கு வேறாகக் கொடுத்தேன். முதல் ஆள் கை வைக்காமல் இருந்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 இலக்கத்துக்கு, எடுத்துப் பேசினேன். எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சாமான் வாங்குகிறவர் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். நாளைக்கு வா என்றால் அங்கேயே நில்லுங்கள், காசைப் பிறகு கொடுங்கள். கழற்றின சாமான் உங்களுடையது, ஏற்றிக்கொண்டு வாருங்கள். கொம்ப்ரசர் பிழை என்று யார் சொன்னாலும், பெல்ட்டைக் கழற்றி உங்கள் கையால் ஒவ்வொரு புல்லியாகச் சுற்றிப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

இன்னொரு உதவி. என் பழைய கொம்ப்ரசர் இரும்புக்குப் போயிருக்காது, எங்கேயோ விலைக்கு வரும். கிளட்ச் தகட்டின் முகத்தில் மூன்று நீளக் கீறல். காலில் அப்பா வைத்த வெள்ளைப் புள்ளி. கண்டால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள். முறைப்பாட்டோடு சேர்க்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.