காரைக்குடி பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: சொட்டுநீர், பராமரிப்பு என்று வருபவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்

குன்றக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஐயா வைத்த தோப்பு, 2 ஏக்கர், 80 மரம், பெரும்பாலும் பங்கனப்பள்ளி, ஓரத்தில் கொஞ்சம் கிளிமூக்கு. நான் சிங்கப்பூரிலிருந்து திரும்பி மூன்று வருடம்தான் ஆகிறது. போன ஆவணியில் ஒருவர் தேடி வந்தார். சொட்டுநீர் போட்டு, ஒரு வருடம் உரமும் தண்ணீரும் அவர் ஆட்களே பார்த்துக்கொள்வார்களாம். "மரம் தண்ணிக்கு ஏங்குதுண்ணே, தினமும் விட்டா காய்ப்பு டபுளாகும்" என்றார். அரசு மானியம் பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் ரொம்ப இழுக்கும் என்று சொல்லி 65,000 ரூபாய் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். பில் தரவில்லை. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கார்த்திகை மழை ஓய்ந்த பிறகும் தினமும் ஒரு மணி நேரம் தண்ணீர், வாரம் ஒருமுறை அதிலேயே யூரியா. தை பிறந்தபோது பக்கத்துத் தோப்பில் பூ குப்பென்று மணக்கிறது, எங்கள் மரங்களில் கிளை கிளையாகச் செம்பு நிறக் கொழுந்து, தொட்டால் துவளும் அளவுக்கு இளசு, ஒரு பூங்கொத்து கூடக் கண்ணில் படவில்லை. பக்கத்துத் தோப்பு அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஐப்பசிலயே வால்வை மூடியிருக்கணும். காயப்போட்டாத்தான் பூ எடுக்கும்."

விஷயம் அதுதான். காய்க்கிற மரத்துக்குப் பூக்கும் முன் இரண்டு மூன்று மாதம் ஓய்வு வேண்டும். பழைய கொழுந்து முற்றி நின்றால்தான் அதன் நுனியில் பூ வரும், அந்த நேரத்தில் தண்ணீரும் தழைச்சத்தும் (யூரியாவில் இருப்பது அதுதான்) கொடுத்தால் மரம் இலை விடப் போய்விடும். (சின்னக் கன்றுகளுக்கு இது பொருந்தாது, அவற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.)

மாசியில் தப்பித் தவறிக் கொஞ்சம் பூத்தது. பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்தபோதுதான் தண்ணீர் நிஜமாகவே தேவை, ஆனால் அப்போது பாதி டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் முனை) மண்ணும் தூசியும் அடைத்துக் கிடந்தது, ஃபில்டரே அவர் வைக்கவில்லை. இருந்த டிரிப்பர்களையும் அடிமரத்தை ஒட்டியே போட்டிருக்கிறார், நீரை உறிஞ்சும் வேர் நிழல் விழும் ஓரத்தில் அல்லவா இருக்கிறது! போன் செய்தால் எடுக்கவில்லை. 20 நாள் செம்மண் வெடிக்கக் காய்ந்தது, காலையில் போனால் மரத்தடி முழுக்கப் பிஞ்சு. அப்புறம் நானே ஆள் பிடித்து, பதற்றத்தில் ஒரே நாளில் தோப்பு நிறையப் பாய்ச்சினேன். மிஞ்சிய காயிலும் பல வெடித்துவிட்டன. காய்ந்த மரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டிருக்க வேண்டும். முந்தின வருடம் 5 டன் எடுத்த தோப்பில் இந்த முறை 900 கிலோ, அதிலும் பாதி சின்னக் காய்.

அதே ஆள் இப்போது தேவகோட்டை பக்கம் தோப்பு தோப்பாகப் போகிறாராம். வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள், காய்க்கிற மரத்துக்கு மார்கழியில் தண்ணீர் விடுவீர்களா என்று. ஆமாம் என்றால் அப்படியே அனுப்பிவிடுங்கள். மானியத்துக்குத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் நேரடியாக விசாரியுங்கள், பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.