மறைமலை நகர் எண்டேவரோடு 67,000 கிலோமீட்டர்

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது நான் அவர்களுடைய மறைமலை நகர் ஆலையில் தயாரான பெரிய எஸ்.யூ.வி. எண்டேவரின் 3.2 லிட்டர் டீசல் மாடலில் பழையது ஒன்றைத் தேடி ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்தேன். வீட்டில் ஒருத்தருக்கும் சம்மதம் இல்லை. "கம்பெனிக்காரனே கடையைச் சாத்திட்டுப் போறான், நீ இப்பப் போயி அந்த வண்டிய வாங்கறேங்கற" என்றார் மாமா. அந்த நவம்பரிலேயே வாங்கிவிட்டேன். 2017 மாடல், ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும்), ஆட்டோமேட்டிக். கோயம்புத்தூரில் ஒரே உரிமையாளர் கையில் ஓடிய வண்டி. மீட்டரில் 71,000 கிலோமீட்டர், விலை 21.5 லட்சம். இன்று மீட்டர் 1,38,000 காட்டுகிறது. இந்த மூன்று வருடம் எட்டு மாதத்தில் செலவானது, கற்றது இரண்டையும் எழுதி வைக்கிறேன். பழைய சொகுசு எஸ்.யூ.வி. வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியே "மெயின்டனன்ஸ் எவ்வளவு ஆகுது?" என்பதுதான்.

எனக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. மழை பெய்தால் ஷெட்டுக்குப் போகும் மண்பாதை சேறாகிவிடும். அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலும் வலி. மாதம் இரண்டு முறை கோவைக்கும் சென்னைக்கும் போகிற வேலை இருக்கிறது. சேற்றிலும் போக வேண்டும், அம்மா அலுப்பில்லாமல் உட்கார்ந்து வரவும் வேண்டும். அந்த விலைக்குள் இந்த இரண்டையும் சேர்த்துத் தருகிற வண்டிகள் அதிகம் இல்லை. நான் பார்த்த அதே வருடத்து டொயோட்டா ஃபார்ச்சூனர்களுக்கு ஐந்து லட்சம் கூடுதலாகக் கேட்டார்கள்.

வாங்குவதற்கு முன் மொத்தம் ஒன்பது வண்டி பார்த்தேன். அதில் நான்கு டெல்லிப் பதிவு. அப்போது அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று இருந்ததால், அந்தக் காலக்கெடு நெருங்குவதற்கு முன்பே தெற்கே தள்ளிவிட்டார்கள். விலை ஆசை காட்டும். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, தமிழ்நாட்டு எண் வாங்குவதற்குள் அந்த மிச்சத்தில் பாதி கரைந்துவிடும். புதுச்சேரிப் பதிவுக்கும் அதே கணக்குத்தான். இன்னொரு வண்டியில் மீட்டர் 62,000 காட்டியது. பதிவு எண்ணை வைத்து சர்வீஸ் வரலாறு எடுத்துப் பார்த்தால், இரண்டு வருடம் முன்பே 1,14,000 என்று பதிவாகியிருந்தது. புரோக்கரிடம் கேட்டதற்கு "மீட்டர் மாத்தினதுங்க" என்றார். அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

பார்க்கப் போகும்போது முதல் நாள் இரவே போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். சீட் பெல்ட்டை முழுசாக, கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும், உருளைக்குள் சுற்றியிருக்கும் பட்டையில் சேற்றுக் கோடு தங்கிவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துரு, ஒயர் கனெக்டரில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பேன். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இப்படிப்பட்ட வண்டிகள் உள்மாவட்டங்களுக்குத்தான் வந்து சேர்ந்தன. நாலு டயரும் ஒரே அளவா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது ஃபோர் வீல் டிரைவுக்கு ரொம்ப முக்கியம். ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் அது மற்றவற்றோடு ஒத்துச் சுற்றாது. அந்த இழுபறி முழுக்க, இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தலையில் விழும். கடைசியாக, மண் தரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் அதைத் தொடாமலே ஓட்டியவர்கள் நிறையப் பேர்.

கோயம்புத்தூர் வண்டி இது எல்லாவற்றிலும் தேறியது. ஒன்றை மட்டும் நான் பார்த்தும் விட்டுவிட்டேன். கூலன்ட் பாட்டிலில் இருந்த திரவம் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஃப்ளஷ் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

வண்டி வந்ததும் நாமக்கல் திருச்சி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி ஒருவரிடம் விட்டேன். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். என்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் டிஃபரன்ஷியல் எல்லாவற்றிலும் ஆயில் மாற்றினோம். கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டரும் புதிது. 265/60 ஆர் 18 அளவில் நாலு டயர் 68,000 ரூபாய். பேட்டரி 13,000, முன் பிரேக் பேட் 9,000. ஆயில்கள், ஃபில்டர், அலைன்மென்ட், கூலி எல்லாம் சேர்த்து முதல் இரண்டு மாதத்தில் 1,46,000 ரூபாய். பழைய வண்டி வாங்கினால் விற்றவர் சொன்ன "போன மாசம்தான் சர்வீஸ் பண்ணினது" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எல்லாவற்றையும் நாமே பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தொகையை வாங்கும் விலையோடு சேர்த்தே கணக்குப் போட்டிருந்தேன்.

2022 ஜூலை, மீட்டர் 83,000. தருமபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய்க்குச் சற்று முன்னால் வெப்பமானி முள் மெல்ல மேலே ஏறியது. அம்மா பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். ஓரம் கட்டி என்ஜினை அணைத்தேன். புகையில் ஒரு இனிப்பு வாடை. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் போயிருக்கும் என்று தம்பி பிறகு சொன்னார். லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம். பிரித்துப் பார்த்தபோது ரேடியேட்டருக்குள்ளும் ஈ.ஜி.ஆர். கூலருக்குள்ளும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. முந்தையவர் விட்டுவந்த பட்டறையில் கூலன்டுக்குப் பதில் போர் தண்ணியை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். கொங்கு மண்ணின் போர் தண்ணி எவ்வளவு உப்பு என்பது வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். என்ஜினுக்கே திரும்பிப் போகும் புகையைக் குளிரவைப்பதுதான் இந்த ஈ.ஜி.ஆர். கூலர். அதில் ஒரு பக்கம் சூடான புகைக்காற்றும் மறுபக்கம் கூலன்டும் போகும். நடுவில் மெல்லிய தகடுதான். உப்பு படிந்த இடத்தில் சூடு இறங்காது, தகடு அரித்து ஓட்டை விழும், கூலன்ட் புகையோடு போய்விடும். இரண்டையும் மாற்ற 62,000 ரூபாய். பாகம் வருவதற்காக வண்டி 19 நாள் நின்றது. டீத்தண்ணி நிறத்தைப் பார்த்த அன்றே விலையில் 60,000 குறைத்துக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் பார்க்கப் போகும் வண்டியில் அந்த பாட்டிலை டார்ச் அடித்துப் பாருங்கள்.

இந்த 3.2 என்ஜினில் ஆயில் மாற்றுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், தெரியாமல் என்ஜினையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆயிலை வடித்துவிட்டு நீண்ட நேரம் காலியாக விடக்கூடாது. பத்து நிமிடத்துக்குள் புது ஆயிலை நிரப்பிவிட வேண்டும். விட்டால் ஆயில் பம்புக்குள் இருக்கும் ஆயிலும் இறங்கி, காற்று புகுந்துவிடும். பிறகு ஸ்டார்ட் செய்யும்போது பம்பு இழுக்காது, அழுத்தம் இல்லாமலே என்ஜின் ஓடி பேரிங் தேயும். தம்பி ஊரில் இல்லாத ஒரு சமயம் வேறு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பையன் டிரெயின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டே "நல்லா வடியட்டும்ணா, சாப்பிட்டு வந்து ஊத்திக்கலாம்" என்றான். மற்ற வண்டிகளுக்கு அது அக்கறையான வேலைதான். இந்த வண்டிக்கு ஆகாது. புது ஃபில்டர், டின் எல்லாவற்றையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும் என்று சொல்லி, அவனோடு நானும் நின்று ஊற்றினேன். சுமார் 9 லிட்டர் பிடிக்கும். அதனால்தான் சர்வீஸ் பில் 14,000 பக்கம் வருகிறது. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும் பண்ணைத் தூசிக்காக 8,000-லேயே மாற்றிவிடுகிறேன்.

ஓட்டும் சுகத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. ஐந்து சிலிண்டர், 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர் இழுவிசை. என்ஜின் நிமிடத்துக்கு 1,750 சுற்று சுற்றும்போதே முழு இழுவையும் வந்துவிடுவதால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்காமல் ஏறும். அந்த ஐந்து சிலிண்டர் சத்தம் நாலிலும் வராது, ஆறிலும் வராது. ஒரு மாதிரி அடித்தொண்டை உறுமல். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் இருபதாவது வளைவிலேயே பிரேக் கருகும் வாடை வரும். கியர் குமிழில் இருக்கும் பொத்தானால் இரண்டாவது கியரில் பிடித்துவைத்துத்தான் இறக்குவேன். பின்னால் காயில் ஸ்பிரிங்கும், பின் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைக்கும் வாட்ஸ் லிங்கேஜும் இருப்பதால் வளைவுகளில் பின்பக்கம் குதிக்காது. அம்மா இந்த வண்டியில்தான் முதல்முறையாக வாந்தி இல்லாமல் அறப்பளீஸ்வரர் கோயில்வரை வந்தார். ஏறுவதற்குப் படி கொஞ்சம் உயரம்தான், சின்ன முக்காலி ஒன்று டிக்கியிலேயே இருக்கிறது.

ஃபோர் லோவை வருடத்தில் ஏழெட்டு முறை உண்மையிலேயே பயன்படுத்துகிறேன். போன ஐப்பசி மழையில் தீவனம் ஏற்றிவந்த டாடா ஏஸ் ஷெட்டுக்குப் பின்னால் அச்சுவரை புதைந்துவிட்டது. டிராக்டர் தேடினால் எல்லாம் உழவுக்குப் போயிருந்தது. எண்டேவரை ஃபோர் லோவில் போட்டு, நைலான் பட்டை கட்டி, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தேன். சக்கரம் ஒரு சுற்று நழுவியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஏஸ் அப்படியே வெளியே வந்தது. ஓட்டுநர் தம்பி தீவன மூட்டை ஒன்றுகூட நனையவில்லை என்று எண்ணிப் பார்த்துச் சொன்னார். 800 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகலாம் என்று நிறுவனம் சொல்கிறது. நான் தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறக்கியதில்லை. ஓடுகிற தண்ணீரின் வேகம் அந்த எண்ணுக்குள் அடங்காது.

இனி கணக்கு. 2023-இல் லோயர் ஆர்ம் புஷ்ஷும் முன் ஷாக் அப்சார்பரும் 54,000. எட்டு முறை சர்வீஸ் 1,12,000. மீட்டர் 1,26,000-இல் இருந்தபோது இரண்டாவது செட் டயர் 72,000. வைப்பர், குளோ பிளக், ஏ.சி. என்று சில்லறையாக 33,000. முன்பு சொன்னவற்றையும் சேர்த்தால் பராமரிப்பு மொத்தம் 4,79,000 ரூபாய், கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் சொச்சம். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர், ஊருக்குள் 8, சராசரி 9.7. டீசலுக்கு ஏறக்குறைய 6.4 லட்சம். நாலு வருட இன்சூரன்ஸ் 1.7 லட்சம். ஆக ஒரு கிலோமீட்டருக்கு 19 ரூபாய். வாங்கிய அன்று தனிக் கணக்கில் மூன்று லட்சம் ஒதுக்கி வைத்தேன். அது மூன்றாவது வருடம் தீர்ந்தது. இப்போது மாதம் 5,000 அதில் போடுகிறேன். தவணை கட்டவே கை இறுகும் நிலையில் இருப்பவர்கள் இந்த வண்டியைத் தொடக்கூடாது என்பதை அழுத்திச் சொல்வேன். தொப்பூர் மாதிரி ஒரு நாள் எல்லோருக்கும் வரும், அன்றைக்குக் கையில் பணம் இல்லையென்றால் வண்டி பட்டறையிலேயே கிடந்து கெட்டுப்போகும். சேறும் மலையும் இல்லாத நகரவாசிக்கு இதே எண்டேவரில் சின்ன 2.2 லிட்டர் என்ஜின் உள்ள டூ வீல் டிரைவ் போதும்.

மாமா பயந்த உதிரிபாகம் என்ன ஆனது? ஃபில்டர், பேட், புஷ் மாதிரி அடிக்கடி மாற்றுவதெல்லாம் இரண்டு நாளில் வருகிறது. உலகில் பல நாடுகளில் இதே வண்டி எவரெஸ்ட் என்ற பெயரில் ஓடுகிறது. அந்தக் காலத்து ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பிலும் இதே 3.2 என்ஜின்தான் இருந்தது. அதனால் என்ஜின் பாகங்களுக்குத் தாய்லாந்து வழியும் உண்டு. கஷ்டம் பாடி பாகங்களில்தான். உடைந்த பின்விளக்குக்கு ஒரு மாதம் காத்திருந்தேன், கடைசியில் சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையில் பழையது நல்ல நிலையில் கிடைத்தது. ஃபோர்டு வண்டியின் கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஃபோர்ஸ்கேன் மென்பொருளும், அதை வண்டியோடு இணைக்க ஒரு ஓ.பி.டி. அடாப்டரும் வாங்கி வைத்திருக்கிறேன். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன பிழைக் குறியீடு என்று நானே பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குப் பேசுவேன். தம்பிக்கும் வேலை சுலபம்.

அடுத்து கியர்பாக்ஸ் ஆயில் இரண்டாம் முறை மாற்ற வேண்டும், பின் ஷாக்கில் லேசான கசிவு தெரிகிறது. இரண்டையும் இந்த மாதமே முடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மறுபடி கொல்லிமலை போகணும் என்கிறார், இந்த முறை மாமாவும் வருகிறார்.