வீல் ஸ்பேசர்: 5 மி.மீ.யா, 15ஆ, 25ஆ?

தர்மபுரி, கிருஷ்ணகிரி டயர் கடைகளில் ஸ்பேசர் (சக்கரத்துக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டு) கேட்டு வருகிறவர்கள் எடுத்தவுடன் தடிமனைத்தான் பேசுகிறார்கள். "அண்ணா, சக்கரம் கொஞ்சம் வெளியே வரணும், இருபது போட்டுடலாமா?" என் கணக்கில் தடிமன் கடைசி. முதலில் ஹப்பின் நடு வட்டம், அடுத்தது ஸ்டட், அதாவது சக்கர நட்டு ஏறும் மரைக்கம்பி. இரண்டும் பொருந்தாத ஸ்பேசர் எத்தனை மி.மீ. ஆனாலும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்விஃப்ட், ஐ20, ஹோண்டா சிட்டி மூன்றுக்கும் நான்கு ஸ்டட், பி.சி.டி. (ஸ்டட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ. கடைக்காரர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். ஸ்விஃப்ட்டின் ஹப் வட்டம் 54.1 மி.மீ., சிட்டிக்கு 56.1. சிட்டிக்கான ஸ்பேசரை ஸ்விஃப்ட்டில் மாட்டினால் சுற்றிலும் ஒரு மி.மீ. ஆட்டம் இருக்கும். சூளகிரி தாண்டி என்.எச். 44-இல் வேகம் பிடித்ததும் ஸ்டீயரிங் உதறும். வீல் பேலன்ஸிங் எத்தனை முறை செய்தாலும் அது போகாது. ஐ20க்கு வட்டமும் 54.1தான், ஆனால் மரை வேறு: ஸ்விஃப்ட்டின் ஸ்டட் எம்12 (12 மி.மீ. விட்டம்), 1.25 பிட்ச் (மரைக்கு மரை மி.மீ. இடைவெளி), ஐ20க்கு 1.5. மாறிப்போன நட்டு கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஏர் கன்னை வைத்து ஏற்றினால் மரை அறுந்துவிடும். அதனால் எந்தக் கடையானாலும் முதல் நட்டைக் கையால் கடைசி வரை திருகிக் காட்டச் சொல்லுங்கள்.

இனி தடிமனுக்கு வருவோம்.

3 முதல் 5 மி.மீ. வரையுள்ள தட்டு ஸ்பேசர்தான் விலை குறைந்தது. புது அலாய் வீல் பிரேக் காலிபரிலோ சஸ்பென்ஷனிலோ லேசாக உரசினால் இதுவே போதும். ஹப்பின் உதடு (நடு வட்டத்தின் விளிம்பு) தட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் அதன் மேல்தான் உட்கார வேண்டும். பிறகு நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. எம்12-க்கு 1.25 பிட்ச் என்றால் கிட்டத்தட்ட பத்து சுற்று, 1.5 என்றால் எட்டு. குறைந்தால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டக் கூடாது. எல்லா வண்டிக்கும் ஆகும் என்று நீள்துளை போட்டு விற்கிற தட்டுகளைத் தொடவே தொடாதீர்கள். நடு வட்டம் எந்த ஹப்பிலும் இறுகப் பிடிக்காது. சக்கரம் அழுந்தி உட்காரும் பரப்பும் குறைந்துவிடும்.

10 முதல் 15 வரைதான் தொல்லை பிடித்த அளவு. கம்பெனி ஸ்டட்டுக்கு இது அதிகம். தனி ஸ்டட் வைத்த ஸ்பேசர் செய்ய இது போதாது. நீள ஸ்டட் மாற்றியே ஆக வேண்டும். பல கார்களில் முன்பக்க ஸ்டட்டை மாற்ற ஹப்பையே கழற்ற வேண்டியிருக்கும், கூலி ஏறும். ஸ்டட்டின் அடியில் பல்பல்லாக இருக்கும் பகுதியின் விட்டமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் ஹப்பில் சுழலும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: தலை மூடிய நட்டு. நீள ஸ்டட்டின் நுனி நட்டின் உச்சியில் முட்டினால் ஸ்பானருக்கு இறுகியதுபோலத் தெரியும், சக்கரம் மட்டும் லூசாக இருக்கும். அங்கே தலை திறந்த நட்டுதான் சரி. இவ்வளவையும் முறையாகச் செய்தால், எனக்கு 25-ஐ விட இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். சக்கரத்தைப் பிடிக்கிற நட்டு எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது.

20, 25 மி.மீ.யில் ஸ்பேசர் தனி நட்டுகளால் ஹப்போடு பூட்டப்படும்; சக்கரம் ஸ்பேசரின் சொந்த ஸ்டட்டில் ஏறும். ஜிம்னி, தார் வைத்திருப்பவர்கள் விரும்புவது இதைத்தான். இருபதில் ஒரு சிக்கல் உண்டு. ஹப்பின் பழைய ஸ்டட் ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி இரண்டு மூன்று மி.மீ. எட்டிப் பார்க்கலாம். அலாய் வீலின் பின்பக்கம் துளைகளுக்கு நடுவே குழி இருந்தால் அது அதற்குள் அடங்கிவிடும். இரும்பு டிஸ்க்கில் (டிஸ்க் என்று இங்கே சொல்வது சக்கரத்தை, பிரேக் டிஸ்க்கை அல்ல) அந்தக் குழி இருக்காது. டிஸ்க் ஸ்டட் நுனியில் முட்டி, ஸ்பேசரோடு ஒட்டாமல் நிற்கும். வாங்கும் முன் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓசூர் லேத் பட்டறைகளில் நடு வட்டத்தைத் துல்லியமாகக் கடைந்து தருவார்கள். தட்டு ஸ்பேசருக்கும் ஹப் ரிங்குக்கும் (சக்கரத்தின் பெரிய நடுத்துளையை ஹப்புக்குப் பொருத்தும் வளையம்) தயங்காமல் அங்கே போகலாம். 25-க்கு மட்டும் என்ன அலுமினியம் என்று தெரியாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். 6061-டி6 (உறுதியான அலுமினியக் கலவை வகை) என்று உறுதியாகச் சொல்ல முடியாத துண்டில் ஸ்டட் அடிப்பது ஆபத்து.

25-க்கு மேல் வேண்டும் என்றால் ஸ்பேசரை விட்டுவிடுங்கள். ஆஃப்செட் என்பது சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்; அது குறைந்தால் சக்கரம் வெளியே வரும். ஆஃப்செட் 45 உள்ள டிஸ்க்கில் 25 ஸ்பேசர் போட்டால் அது 20 ஆகிறது. நேராக ஆஃப்செட் 20 டிஸ்க்கே வாங்கினால் நடுவில் ஒரு பூட்டு குறைகிறது. பேரிங்குக்கு ஏறும் சுமை இரண்டிலும் ஒன்றுதான், அதில் லாபம் இல்லை. வெளிச்சந்தை அலாய் பலவற்றின் நடு வட்டம் 73.1, அதை 54.1-க்குச் சுருக்க ஒரு ரிங் தருவார்கள். பிளாஸ்டிக் ரிங் வேண்டாம், அலுமினியம் கேளுங்கள். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வண்டியில் ஹப் ஏறுகிற சூட்டுக்குப் பிளாஸ்டிக் இளகும்.

ஊருக்குள் ஓடும் ஸ்விஃப்ட், ஐ20க்கு 5-ஐத் தாண்டாதீர்கள். அஞ்செட்டி, ஒகேனக்கல் பாதையில் ஓடும் ஜிம்னிக்கு டிஸ்க் மாற்றுவதே என் முதல் தேர்வு. பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் 25. எதைப் போட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆளும் சாமானும் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சக்கரத்துக்கு மேலுள்ள ஆர்ச்சில் டயர் உரசுகிறதா என்று பாருங்கள். 25 போட்டவர்கள் முதல் 100 கி.மீ.க்குள் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் நட்டுகளை டார்க் ரெஞ்சால், வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். வெளி நட்டை மட்டும் இறுக்கிவிட்டு "ஓகேண்ணா" என்று சொல்கிற கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.